மே மாசத்துல விசாகப்பட்டினமா?

கடைசிப் பரீட்சை முடியற வாரத்துல எல்லா வகுப்பு வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பேச்சுதான். கோவா பிளான் வழக்கம்போல மூணு நாள் பேசப்பட்டு நாலாவது நாள் செத்துப்போகும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் இ-பாஸ், ட்ராஃபிக், ரூம் வாடகை என்று பட்டியல் நீளும். அப்போது யாராவது ஒருத்தர் "வைசாக் போலாமா?" என்று கேட்பார். உடனே பத்துப் பேர் பாய்வார்கள்: "மே மாசத்துல கடலோர ஊரா? இங்க வேர்க்கறது பத்தாதா?"

நியாயமான கேள்விதான். சென்னையிலோ கடலூரிலோ கோடையைக் கழித்த யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். சுருக்கமான பதில்: தாராளமாகப் போகலாம். ஆனா அந்த ஊர் ஏன் அப்படி இருக்கு என்று கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டுப் போனால், பார்க்கிற ஒவ்வொன்றும் வேற மாதிரி தெரியும். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் போனால் உயிருக்கே ஆபத்து. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மேப்பைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் கடற்கரையில் நின்றுகொண்டு மேற்கே திரும்பினால் சமவெளிதான் தெரியும். மலையைப் பார்க்க நெடுந்தூரம் உள்ளே போக வேண்டும். விசாகப்பட்டினத்தில் அந்தச் சமவெளியே ஏறக்குறைய கிடையாது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் நேராக வந்து கடலுக்குள் இறங்குகின்றன. வடக்கே கைலாசமலைத் தொடர், தெற்கே யாரடா மலைத் தொடர், நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி ஊர். தெற்கு மலை கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பெயரே டால்ஃபின் மூக்கு. இந்த மலைகளின் பாறைக்கு கோண்டலைட் என்று பெயர். ஒடிசா, ஆந்திர மலைகளில் வாழும் கோண்டு பழங்குடி மக்களின் பெயரிலிருந்து வந்தது அது.

அந்த ஊரின் அழகு, காற்று, துறைமுகம், ஆபத்து, தூசி எல்லாத்துக்கும் காரணம் இந்த ஒரே விஷயம்தான்: மலை கடலைத் தொடுது.

இப்போ வெயிலுக்கு வருவோம். மே மாதத்தில் விஜயவாடா பக்கமெல்லாம் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்போது, விசாகப்பட்டினக் கடலோரத்தில் பகல் உச்சம் பெரும்பாலும் 34, 35 என்ற அளவில் நிற்கும். காரணம் கடற்காற்று. முதலாண்டு இயற்பியல்தான்: ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். மணலுக்கோ பாறைக்கோ ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். அதோடு, கடலில் வெயில் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது, அலை அந்த நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. தரையில் மேல்தோல் மட்டும் சுடுகிறது. அதனால் காலை பத்து மணிக்குள் தரை சூடாகி, அதன் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

"இதே கடற்காற்று சென்னையிலும்தானே வருது?" வருது. ஆனால் கோடையில் சென்னைக்கு மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசும். அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளும். சில நாள் மதியம் ஒரு மணிக்கு உள்ளே வரும், சில நாள் மூணு மணி ஆகும், அதுக்குள்ள நாம வெந்துபோயிருப்போம். விசாகப்பட்டினத்தில் கரையே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் சாய்ந்து ஓடுகிறது. கோடையில் அங்கே அடிக்கும் தென்மேற்குக் காற்று கரையை ஒட்டியே, அதற்கு இணையாக ஓடும். கடற்காற்றோடு அதற்குப் பெரிய சண்டை இல்லை.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கு. காற்று கரைக்கு இணையாக வடகிழக்கு நோக்கி ஓடும்போது, பூமியின் சுழற்சியால் கடலின் மேல்நீர் காற்றின் வலப்பக்கமாக நகரும். அங்கே வலப்பக்கம் என்றால் ஆழ்கடல் பக்கம். மேல்நீர் விலகிப்போனால் அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வரும். கடலியல் புத்தகங்களில் எக்மன் நகர்வு, மேலெழுச்சி என்று வரும் சமாச்சாரம் இது. மார்ச் முதல் மே வரை விசாகப்பட்டினத்துக்கு எதிரே இது நடப்பதை ஆந்திரப் பல்கலைக்கழகக் கடலியல் ஆட்கள் 1950களிலிருந்தே அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகமும் கடலைப் பார்த்த ஒரு மேட்டில்தான் இருக்கிறது. கடல் அவர்களுக்கு லேப் மாதிரி. (நம்ம கேம்பஸுக்கு எதிரே என்ன இருக்கு என்பதை இங்கே பேச வேண்டாம்.)

ஒரு உண்மையையும் சொல்லிடணும். 35 டிகிரி என்பது தெர்மாமீட்டர் காட்டுவது. உடம்புக்குத் தெரிவது வேறு. ஈரப்பதம் அதிகம், வேர்வை காயாது. தரைக்காற்று ஜெயிக்கும் சில நாட்களில் அங்கேயும் 40 தொடும். அதனால் பகல் பதினோரு மணி முதல் நாலு மணி வரை வெளியே சுற்றும் திட்டத்தை யார் போட்டாலும் நம்பாதீர்கள். விசாகப்பட்டினக் கோடை என்பது விடியற்காலையும் சாயங்காலமும்தான். அந்த ஊர்க்காரங்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். காலை ஐந்தரைக்கு கடற்கரைச் சாலைக்கு வந்து பாருங்கள்: நடப்பவர்கள், ஓடுபவர்கள், யோகா செய்பவர்கள் என்று பாதி ஊர் அங்கேதான் இருக்கும். சூரியன் கடலிலிருந்து எழும்பும்போது டால்ஃபின் மூக்கு முதலில் கறுப்பாகத் தெரிந்து, பிறகு மெல்லப் பச்சையாகும்.

அந்தக் கடற்கரைக்குப் பெயர் ஆர்.கே. பீச். ராமகிருஷ்ண மிஷன் ஆசிரமம் அங்கே இருப்பதால் வந்த பெயர். சிவில் படிப்பவர்கள் அந்த மணலைக் கொஞ்சம் மரியாதையோடு மிதிக்க வேண்டும், ஏன்னா அதில் ஒரு பகுதி பம்ப் வைத்துக் கொண்டுவந்து போட்டது.

கதை இப்படி. டால்ஃபின் மூக்குக்குப் பின்னால் ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் கழிமுகமும் இருந்தன. மலை புயலைத் தடுக்கும், உள்ளே நீர் அமைதியாக இருக்கும். அதைத் தோண்டி ஆழப்படுத்தினால் அருமையான துறைமுகம் கிடைக்கும் என்று பிரிட்டிஷ்காரர்கள் கணக்குப் போட்டார்கள். 1933இல் துறைமுகம் திறந்தது. பிரச்சினை மணலால் வந்தது. நம்ம கிழக்குக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து கரையில் மோதும். ஒவ்வொரு அலையும் கொஞ்சம் மணலை வடக்கே தள்ளும். ஆண்டு முழுக்க இப்படி ஒரு மணல் ஆறே கரையோரமாக வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. துறைமுக வாய்க்காலைத் தோண்டினால் அந்த ஆறு அதற்குள் விழுந்து அதை மூடிவிடும். அதைத் தடுக்க அந்தக் காலத்துப் பொறியாளர்கள் செய்த வேலை: ரெண்டு பழைய கப்பல்களைக் கொண்டுவந்து வாய்க்காலுக்குத் தெற்கே மூழ்கடித்து, அவற்றையே அலைதடுப்பு ஆக்கிவிட்டார்கள்! பிறகு 1970களில் பெரிய கப்பல்களுக்காக வெளித் துறைமுகமும் அதற்கான நீண்ட அலைதடுப்புச் சுவர்களும் வந்தன.

மணலைத் தெற்கே நிறுத்திவிட்டால் வடக்கே என்ன ஆகும்? அலை வழக்கம்போல மணலை அள்ளிக்கொண்டு போகும், ஆனால் புதிய மணல் வராது. கரை தேயும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு மெரினா அகலமானதும் ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் ஊருக்குள் வந்ததும் இதே கணக்குதான். விசாகப்பட்டினத்தில் வடக்கே தேய்வது ஊரின் முகமான ஆர்.கே. பீச். அதனால் துறைமுகத்தில் தூர்வாரிய மணலைக் குழாய் வழியாகவும் கப்பல் வழியாகவும் கொண்டுவந்து கரையில் திரும்பக் கொட்டுகிறார்கள். இயற்கையின் வேலையை மோட்டார் செய்கிறது. ஒரு வருஷம் விட்டால் சாலையோரம் அரிப்பு தெரிய ஆரம்பிக்கும்.

அதே சாலையில்தான் ஐ.என்.எஸ். குர்சுரா நிற்கிறது. சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 2001இல் ஓய்வுபெற்ற நீர்மூழ்கி. 91 மீட்டர் நீளம். 2002இல் அதைக் கரைக்கு இழுத்து அருங்காட்சியகமாக்கினார்கள். மெக்கானிக்கலும் ட்ரிபிள்ஈயும் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளலாம். மேலே மிதக்கும்போது டீசல் எஞ்சின் ஓடி பேட்டரியை சார்ஜ் செய்யும். மூழ்கியபிறகு டீசலுக்குக் காற்று கிடையாது, பேட்டரியில் மின்மோட்டார் மட்டும். இன்றைய ஹைப்ரிட் கார் கதை அன்றே கடலுக்கடியில் ஓடியிருக்கிறது. உள்ளே நடக்கும்போது பைப்பும் வால்வும் தோளில் இடிக்கும். பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் வட்டக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் போகணும். எழுபது எண்பது பேர் வாரக்கணக்கில் இதற்குள் இருந்தார்கள் என்று நினைத்தால் ஹாஸ்டல் ரூம் மாளிகையாகத் தெரியும். சாலைக்கு எதிர்ப்பக்கம் டி.யு.-142 விமானம், 2017இல் திறந்தது. ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிர் திசையில் சுழலும் ரெண்டு ப்ரொப்பெல்லர்கள். ஏன் அப்படி என்று யோசித்துக்கொண்டே சுற்றி வாருங்கள். ஒரு விமானம் நீர்மூழ்கியை வேட்டையாடச் செய்தது, இன்னொன்று வேட்டையாடப்படும் வகை. ரெண்டும் எதிரெதிரே நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி.

நீர்மூழ்கி என்றதும் இன்னொன்று. 1971 போரில் டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி இந்தத் துறைமுக வாசலுக்கு வெளியேதான் மூழ்கியது. எப்படி மூழ்கியது என்பதில் ரெண்டு நாடும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆர்.கே. பீச்சில் இருக்கும் போர் நினைவுச் சின்னம் அந்தப் போருக்கானது. கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இந்த ஊரில்தான். அதனால் ட்ரோன் கொண்டுபோகும் ஐடியா இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சரி, முன்னால் சொன்ன விஷயம். இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

ஒவ்வொரு கோடையிலும் விசாகப்பட்டினக் கடற்கரைகளில் மாணவர்கள் மூழ்கியதாகச் செய்தி வருகிறது. பெரும்பாலும் நம்ம வயசு, நண்பர்களோடு வந்தவர்கள், கடல் பழகாத ஊர்க்காரர்கள். ஆர்.கே. பீச் பார்க்கச் சாதுவாக இருக்கும். யாரடா பீச் அதைவிட அழகு. மலையேறி இறங்கினால் தென்னந்தோப்பும் வெறிச்சோடிய மணலுமாக சினிமா செட் மாதிரி இருக்கும். ஆனால் மலை கடலில் இறங்கும் இடங்களில் அடித்தரை சட்டென்று ஆழமாகலாம், பாறைகள் மறைந்திருக்கும், அலைகள் ஒழுங்காக உடையாது.

கரைக்கு வந்து குவிந்த நீர் திரும்பிப் போக வழி தேடும். மணல் திட்டில் ஒரு பள்ளம் இருந்தாலோ பாறைமுனையின் ஓரம் இருந்தாலோ, எல்லா நீரும் அந்த ஒடுக்கமான வழியாகக் கடலுக்குள் பாயும். அதுதான் இழுப்பு நீரோட்டம், ஆங்கிலப் பெயரில் ரிப் கரண்ட். வேகம் சில நேரம் விநாடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் நீச்சல்காரரே அதை எதிர்த்து முன்னேற முடியாது. இதில் பெரிய ஏமாற்று என்னவென்றால், அந்த வழி மேலே பார்க்க அமைதியாக இருக்கும். ரெண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்த நிறத்தில், நுரை கடல் பக்கமாக நகர்ந்துகொண்டு தெரியும். "இங்கதான்டா அலை இல்ல, இங்க இறங்கலாம்" என்று தோன்றும் இடம் சரியாக அதுதான்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். களைத்துப்போவதால்தான் மூழ்குகிறார்கள், அந்த நீரோட்டம் யாரையும் அடிக்கு இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளும். மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். நீச்சல் தெரிந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். அந்தப் பட்டை பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலம்தான். அதைத் தாண்டி அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். கரையில் நிற்பவர்களுக்கு: நண்பன் போகிறான் என்று கைகோத்து இறங்காதீர்கள். ஒருத்தர் போக வேண்டிய இடத்தில் நாலு பேர் போவது இப்படித்தான். மூடிய காலி வாட்டர் கேன், பந்து, கயிறு, எது மிதக்குமோ அதை எறியுங்கள், உயிர்க்காவலரைக் கூப்பிடுங்கள், 112க்கு அடியுங்கள். குளித்தே ஆகணும் என்றால் காவலர் இருக்கும் நேரத்தில், அவர்கள் காட்டும் எல்லைக்குள், ருஷிகொண்டாவில் குளியுங்கள். 2020இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. குடித்துவிட்டு இறங்குவது பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ருஷிகொண்டா, ஊரிலிருந்து பீமிலி போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. இந்தச் சாலைக்காக மட்டுமே விசாகப்பட்டினம் போகலாம் என்பது என் கட்சி. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடப்பக்கம் மலை, வலப்பக்கம் கடல், நடுவில் நீங்கள். முதலில் கைலாசகிரி வரும். ரோப் காரில் ஏறி மேலே நின்றால் கரை வளைந்து வளைந்து போவது முழுதும் தெரியும். சாயங்காலம் போங்கள், மேலே காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

அடுத்து தொட்லகொண்டா. 1970களில் கடற்படை தன் வேலைக்காக அந்தக் குன்றில் ஆய்வு செய்தபோது பௌத்த மடம் ஒன்றின் சிதைவுகள் கண்ணில் பட்டன. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமை. தெலுங்குப் பெயரைக் கொஞ்சம் நம் காதால் கேளுங்கள்: தொட்டி, குன்று. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகள் இருப்பதால் அந்தப் பெயர். பக்கத்தில் பாவிகொண்டா இருக்கிறது. அந்தப் பாவி நம்ம வாவிதான், வேற பாவி இல்லை. கடலைப் பார்த்த மொட்டைக் குன்றில் துறவிகள் கோடையை எப்படிச் சமாளித்தார்கள் என்பதற்கு அந்தத் தொட்டிகளே பதில். மழைக்காலத்தில் பாறையில் வழியும் நீரைப் பிடித்துச் சேமித்திருக்கிறார்கள். தங்கும் அறைகளின் அடித்தளம், ஸ்தூபி, உணவுக்கூடம் எல்லாம் செங்கல் கோடுகளாகத் தெரியும். ஒரு ஹாஸ்டலின் ப்ளூபிரிண்ட் மாதிரி. நிழல் குறைவு, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

பீமிலிக்குக் கொஞ்சம் முன்னால் எர்ர மட்டி திப்பலு, அதாவது செம்மண் மேடுகள். கடலோரத்தில் திடீரென்று ரத்தச் சிவப்பில் ஒரு குட்டிப் பள்ளத்தாக்கு. மழைநீர் அறுத்த ஓடைகளுக்குள் இறங்கி நடந்தால் ரெண்டு பக்கமும் மண் சுவர் தலைக்கு மேல் எழும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மாணவர்கள் பார்த்ததும் "இது நம்ம தேரி ஆச்சே!" என்பார்கள். சரியாகச் சொன்னீர்கள். தேரிக்காட்டுக்கு உறவுதான். கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழைய காலங்களில் திறந்து கிடந்த மணலைக் காற்று அள்ளிக் குவித்தது. மணலில் இருந்த இரும்புத் தாதுக்கள் சிதைந்து, ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்ததால் இந்தச் சிவப்பு. இந்தியாவில் இப்படி இருப்பது வெகு சில இடங்களில்தான். இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதைப் பாதுகாக்க வேண்டிய நிலவியல் மரபுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் ஓரங்களில் கட்டடங்கள் நெருங்கி வருகின்றன. மேட்டின் விளிம்பில் ஏறி ரீல்ஸ் எடுக்காதீர்கள். அது பாறை இல்லை, பொலபொலவென்று உதிரும் மண். உங்களுக்கும் நல்லதில்லை, அதற்கும் நல்லதில்லை.

பீமிலியில் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள், ஒரு பழைய கலங்கரை விளக்கம், அதோடு கோஸ்தனி ஆறு கடலில் சேரும் இடம். பாலசந்தரின் 'மரோ சரித்ரா' (1978) படத்தின் கடற்கரைகள் இந்தப் பக்கத்தில் எடுத்தவைதான். தெலுங்கிலேயே சென்னையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிய படம். உங்க அப்பா அம்மாவிடம் பேரைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

கோஸ்தனியை மறந்துவிடாதீர்கள். மறுநாள் மலையில் அதை மறுபடி சந்திப்பீர்கள். விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு போகும் ரயில் காலையில் கிளம்பும். 1960களில், பைலாதிலா சுரங்கத்து இரும்புத்தாதுவைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்யப் போட்ட பாதை இது. பயணிகளுக்காகப் போட்டதே இல்லை. நமக்குக் கிடைத்தது போனஸ். கடல் மட்டத்தில் ஏறி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்களைத் தாண்டி, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் போகிறது. ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கைச் சன்னலோரத்தில் உட்கார்ந்து உடம்பாலேயே சரிபார்க்கலாம். வழியில் போரா குகை நிலையம். சுண்ணாம்புப் பாறையை நீர் கரைத்துக் கரைத்து உண்டாக்கிய பெரிய குகை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையை அரிக்கும். அதே நீர் கூரையிலிருந்து சொட்டும்போது சுண்ணாம்பைத் திரும்பப் படியவைத்துத் தொங்கும் தூண்களைக் கட்டும். அந்தக் குகையோடு சேர்ந்த ஆறு கோஸ்தனிதான். நேற்று பீமிலியில் கடலில் கலந்ததைப் பார்த்தீர்களே, அதன் பிறந்த வீடு இந்த மலை. மே மாதத்தில் வெளியே நெருப்பாக இருந்தாலும் குகைக்குள் ஜிலுஜிலுவென்று இருக்கும். அரக்கில் காபித் தோட்டம், மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்ட கோழி. ரெண்டையும் விடாதீர்கள்.

ஊருக்குத் திரும்பினால் சிம்மாசலம். மூலவரை ஆண்டு முழுக்கச் சந்தனத்தால் மூடி வைத்திருப்பார்கள். அட்சய திருதியை அன்று மட்டும் சந்தனம் களைந்து நிஜ உருவம் காட்டுவார்கள். அதுவும் ஏப்ரல், மே பக்கம்தான் வரும். அன்று கூட்டம் தாங்காது, யோசித்துப் போங்கள். இந்தக் கோவிலில் முதல் குலோத்துங்கனின் 11ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலக் கல்வெட்டு இருக்கிறது. அந்தக் காலக் கல்வெட்டுகளில் விசாகப்பட்டினத்துக்கே குலோத்துங்க சோழப் பட்டினம் என்று ஒரு பெயர் உண்டு. பள்ளியில் கலிங்கத்துப்பரணி மனப்பாடம் செய்து கஷ்டப்பட்டோமே, அந்தப் படை போன வழி இந்தப் பக்கம்தான்.

இவ்வளவு பாராட்டிவிட்டு ஒன்றை மறைத்தால் தப்பு. காற்றைத் தடுத்துத் துறைமுகத்தைக் காத்த அதே மலைகள், ஊரின் புகையையும் தூசியையும் கிண்ணத்துக்குள்ளேயே அடைத்துவைக்கின்றன. துறைமுகத்தில் நிலக்கரியும் தாதுவும் இறங்குகின்றன. பழைய டவுன் பக்கம் வீடுகளில் கறுப்புத் தூசி படிவதாக அங்குள்ளவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டீல் பிளான்ட், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் ஊரைச் சுற்றி. அந்தக் கப்பல் தளத்தில்தான் சுதந்திர இந்தியாவில் கட்டி முடித்த முதல் கப்பலான 'ஜல உஷா'வை 1948இல் நேரு நீரில் இறக்கிவைத்தார், பெருமைதான். ஆனால் 2020 மே 7 விடியற்காலை இதே ஊரில் ஒரு பிளாஸ்டிக் ஆலைத் தொட்டியிலிருந்து ஸ்டைரீன் வாயு கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் இறந்துபோனார்கள். கோடை வெப்பத்தில் ஸ்டைரீனைக் குளிர்ச்சியாக வைக்காவிட்டால் அது தானாகவே பாலிமராக மாறத் தொடங்கும், அந்த வினை இன்னும் வெப்பம் கக்கும், அது வினையை இன்னும் வேகமாக்கும். கெமிக்கல் மாணவர்களுக்கு இது பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். கைலாசகிரி மேலிருந்து இரவில் தெரியும் அந்த விளக்கு வரிசைக்கு நடுவே குடியிருக்கும் மக்களுக்கு அது வேறு.

சாப்பாடு பற்றி ரெண்டு வரி. காலையில் பெசரட்டு உப்மா. சாயங்காலம் பீச்சில் முரி மிக்ஸர்: பொரி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, கையைச் சுட்டுக்கொள்ளாத விலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரை முழுக்க மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன் விலை ஏறும். அதற்குப் பதில் கோடை தருவது சுவர்ணரேகா மாம்பழம், அந்தப் பக்கத்து ரகம், ஒரு கன்னம் சிவந்திருக்கும். நுங்கும் ரோட்டோரம் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்கு வாங்க வேண்டுமென்றால் மாடுகுல அல்வா.

போக்குவரத்து: சென்னையிலிருந்து ரயிலில் ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினாலு மணி நேரம். இரவு ஏறினால் விடியும்போது ராஜமகேந்திரவரத்தில் கோதாவரிப் பாலத்தைப் பார்க்கும்படி வண்டியைத் தேர்ந்தெடுங்கள். தூங்கிவிட்டால் பக்கத்துப் பெர்த் பாட்டி எழுப்பிவிடுவார், ஆற்றில் காசு போட அவரே முழித்திருப்பார். விசாகப்பட்டினம் ஸ்டேஷன் முட்டுச்சந்து மாதிரி. ஹௌரா போகும் வண்டிகள் உள்ளே வந்து, எஞ்சின் மாற்றி, வந்த பக்கமே திரும்பி வெளியேறும். "ட்ரெயின் ரிவர்ஸ்ல போகுது" என்று பதற வேண்டாம், நீங்கள் அதற்குள் இறங்கியிருப்பீர்கள். நாலு நாள் போதும்: ஊருக்கு ரெண்டு, பீமிலிச் சாலைக்கு ஒன்று, அரக்குக்கு ஒன்று. குர்சுராவுக்கு வார விடுமுறை உண்டு, போகும் முன் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நம்ம பரீட்சை அட்டவணை எப்போ வரும் என்பது உங்களுக்கே தெரியும். தேதியைக் கொஞ்சம் தள்ளியே போடுங்க.